சுண்டுவிரல் பாணி

மத்தியானம் மூன்றரை மணிக்கே எனக்கு அலுப்பு வந்துவிடும். நாலு மணிக்கு முதல் பிள்ளை வரும். அதற்குள் வயலினை எடுத்துத் துடைத்து, காரைக்குடி வெயிலில் இளகிப்போன தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்க வேண்டும். முப்பது வருடமாகச் செய்கிற வேலைதான். ஆனாலும் கை அந்தப் பெட்டியின் கொக்கியில் போய் நிற்கும்போது, இன்றைக்கு யாரும் வராமல் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடும். யாராவது வந்துவிடுவார்கள்.

வருகிற பிள்ளைகளும் அலுத்துப்போய்த்தான் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு நேரே வருகிறவர்கள். என் வீட்டில் ஒரு மணி நேரம், அது முடிந்தால் அபாகஸ், அதற்குப் பிறகு நீச்சல். அம்மாக்கள் ஸ்கூட்டியை அணைக்காமலே வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஒரு பெண் சரளி வரிசை வாசித்துக்கொண்டே தூங்கி, வில் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. நான் எழுப்பவில்லை. பத்து நிமிஷம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பத்து நிமிஷம் தேவையாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிற செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் வகுப்பு. அன்று சாயங்காலம் ஹோட்டலாக மாற்றிய பழைய பங்களா ஒன்றில், வெளிநாட்டுக்காரர்கள் கோழிக் குழம்பு சாப்பிடுகிற முற்றத்தில் ஓரமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் கல்யாணியும் மோகனமும் வாசிப்பேன். காரம் தாங்காமல் அவர்கள் இருமுவார்கள். நான் வாசித்துக்கொண்டிருப்பேன். இப்படியே போகிற பிழைப்பில் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு ஒரே ஒரு விஷயம் இருந்தது. என் மாணவர்களை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுவிடலாம் என்பார்கள்.

காரணம் அவர்களுடைய இடது கை. வயலின் கழுத்தைப் பிடிக்கும்போது என் பிள்ளைகள் எல்லோரும் சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொள்வார்கள். விஜயதசமிக்குக் கோயிலில் சேர்ந்து வாசித்தபோது யாரோ எடுத்த போட்டோ ஒன்று என் ஃபோனில் இருக்கிறது. வரிசையாகப் பதினான்கு இடது கை, பதினான்கு மடங்கிய சுண்டுவிரல். “அது அந்த டீச்சரம்மா பாணி” என்று ஊரில் பேர்.

அது பாணி இல்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இளையாத்தங்குடிக் கோயிலில் ஒரு கச்சேரிக்குப் பக்கவாத்தியம் வாசித்துவிட்டுத் திரும்பும்போது, வாடகைக் கார் கதவை நானே வலது கையால் இழுத்துச் சாத்தினேன். இடது கை கதவு இடுக்கில் இருந்ததை மறந்துவிட்டேன். சுண்டுவிரல் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர் ஆறு வாரம் அசைக்கக்கூடாது என்றார். பன்னிரண்டாம் நாள் காரைக்குடியில் பெரிய வீட்டுக் கல்யாணம். பாடுகிறவர் சென்னையிலிருந்து வருகிறார். வர முடியாது என்று நான் சொன்னால் வேறு ஒருத்தரைக் கூப்பிடுவார்கள். ஒரு தடவை அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அந்த இடம் அவருடையதுதான். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். நான் கட்டைப் பிரித்துவிட்டுப் போய் வாசித்தேன்.

விரல் வீங்கிப் போயிருந்தது. யாருக்கும் தெரியாமல் இருக்க அதை வயலின் கழுத்துக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டேன். கச்சேரி முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர், எல்லோரும் அப்பச்சி என்று கூப்பிடுகிறவர், எழுந்து வந்தார். நல்ல ஞானஸ்தர்.

“ஆத்தா, ஒன் கையில ஒரு அடக்கம் இருக்கு. சுண்டு வெரல மடிச்சு வச்சிக்கிறியே, அது யாரு பாணி?” என்றார்.

அடிபட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். “எங்க வாத்தியார் சொல்லிக்குடுத்தது” என்றேன். மதுரையில் எனக்கு ஒன்பது வருடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதற்கு முந்தின வருடம்தான் காலமாகியிருந்தார். இல்லை என்று சொல்ல அவர் வரப்போவதில்லை என்ற தைரியம் எனக்கு.

விரல் அப்படியே உள்பக்கமாக இறுகிவிட்டது. இன்றுவரை நிமிராது. என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். அவர் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தேவையில்லாமல் பேசமாட்டார்.

ஒக்கூரிலிருந்து வருகிற பெண் ஒருத்தி என்னிடம் படித்தாள். ஏழு வயதில் வந்தவள். அவள் அப்பா சம்சாரி, கொஞ்சம் நெல்லும் கடலையும் போடுகிறவர். அம்மா வாரத்துக்கு மூன்று நாள் இரண்டு பஸ் மாறி அவளைக் கூட்டி வருவாள். மழை, திருவிழா, பரீட்சை என்று எதற்கும் அந்தப் பெண் நின்றதில்லை. நான் சலிப்பாக இருக்கிற நாளில்கூட அவள் வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். என் கையை அப்படியே உரித்து வைத்த மாதிரி அவள் கை இருக்கும். போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, இசைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்தால் வயலின், கிடைக்காவிட்டால் ஊருக்குப் பக்கத்தில் பி.காம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். பி.காம் சேர்ந்துவிட்டால் வயலின் அதோடு சரி என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். அம்மா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பெண் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“என்னடி ஆச்சு?”

“வர்ணம் வாசிக்கச் சொன்னாக டீச்சர். ரெண்டு காலம் நல்லா வந்துச்சு. வேகத்த ஏத்தி மூணாங்காலம் போனப்ப கை பிடிச்சுக்கிச்சு. திரும்ப வாசின்னாக. திரும்பவும் அதே எடத்துல நின்னுருச்சு. அப்பத்தான் அவுக என் கையப் பாத்தாக. சுண்டு வெரலுக்கு என்ன, அடிபட்டுருக்கான்னு கேட்டாக.”

“நீ என்ன சொன்னே?”

“இல்லைங்க, இது எங்க டீச்சரோட வாத்தியார் பாணின்னு சொன்னேன். அதுல ஒருத்தர் வயசானவரு, வாத்தியார் பேரக் கேட்டாரு. சொன்னேன். அவரு அப்பிடி வாசிச்சு நான் பாத்ததே இல்லையேன்னாரு.”

தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள். ஒரு மாதம் கழித்து மீதி இடங்களுக்குத் திரும்பக் கூப்பிடுவோம், அதற்குள் கையைத் திறந்து வாசிக்கப் பழகிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் என்ன சொன்னேன் என்று எழுதவே கூசுகிறது. “அவங்களுக்கு நம்ம பாணி என்ன தெரியும்? நீ பயந்துட்டே, அவ்வளவுதான். இன்னும் நாலு தடவ சாதகம் பண்ணினா வந்துரும்” என்றேன். அவள் தலையாட்டினாள். நான் சொன்னால் அவள் தலையாட்டுவாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை சிங்கப்பூர் வகுப்பு. ஆறு வயதுப் பெண் குழந்தை, சேர்ந்து ஒன்றரை மாதம்தான். லேப்டாப்பில் அவள் கையைப் பார்த்தேன். சுண்டுவிரலைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டி, அதை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

“பாப்பாவுக்கு வெரல்ல என்ன காயம்?” என்று கேட்டேன்.

பக்கத்தில் இருந்த அம்மா முகத்தை உள்ளே நீட்டினாள். “காயமில்லைங்க டீச்சர். நீங்க மடக்கி வச்சிருக்கீகல்ல, இவளுக்கு மடக்குனா நிக்க மாட்டேங்குது, நீட்டிக்கிட்டே போகுது. அதான் டேப்பு ஒட்டி விட்டேன். பழகிரும்ல?”

குழந்தை சிரித்தது. டேப்புப் போட்ட கையைக் காமிராவுக்குக் காட்டியது. நான் அன்றைக்கு நெட் சரியில்லை என்று பொய் சொல்லி வகுப்பை மூடினேன். அடுப்படியில் போய் நின்றேன். வீட்டுக்காரர் வந்து என்ன என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“கார்க் கதவுல ஒன் வெரலு ஒண்ணுதான் மாட்டுச்சுன்னு நெனச்சேன்” என்றார். பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சரியாகச் சொன்னதால் வந்த கோபம்.

மறுநாள் திருப்பத்தூரில் பஸ் மாறி ஒக்கூர் போனேன். மாணவி வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. பதினோரு வருடம் அவர்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் அம்மா பதறிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்பா கொல்லைப் பக்கம் கால் கழுவிவிட்டு வந்தார்.

“சொல்லிவிட்டுருந்தா நாங்க வந்துருப்போமே டீச்சர். எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?”

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிட்டு மோர் குடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று பயம். நின்றுகொண்டே சொன்னேன். கார்க் கதவு, கட்டைப் பிரித்தது, அப்பச்சியிடம் சொன்ன பொய், எல்லாம். இடது கையை நீட்டி, வலது கையால் அந்தச் சுண்டுவிரலை நிமிர்த்திக் காட்டப் பார்த்தேன். அது நிமிரவில்லை.

“அப்ப நீங்க எப்பிடி மூணாங்காலம் வாசிக்கிறீக?” என்று அவள் கேட்டாள். அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அதையும் சொன்னேன். சுண்டுவிரல் தொட வேண்டிய ஸ்வரம் வரும்போது வில்லை லேசாகத் தூக்கிவிடுவேன். ஒன்றிரண்டு ஸ்வரத்தை விழுங்கிவிடுவேன். மிருதங்கம் கூட இருந்தால் யாருக்கும் தெரியாது. அந்தப் பித்தலாட்டத்தை மட்டும் நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் நான் விழுங்கியதையும் சேர்த்து யோக்கியமாக வாசிக்கப் பார்த்திருக்கிறாள். மடங்கிய விரலோடு அது முடியாது.

அவள் அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. “சரி பண்ண முடியுமா முடியாதா டீச்சர்? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

“முடியும். அவ விரலுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா என்னால முடியாது. நான் காட்ட முடியாததை அவ எதப் பாத்துப் படிப்பா?”

பெண் அவ்வளவு நேரமும் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

“நான் வந்த புதுசுல வெரல நீட்டித்தான் வச்சேன் டீச்சர். ஒரு நாளு உங்களப் பாத்து மடக்குனேன். அன்னைக்கு நீங்க என்னயப் பாத்துச் சிரிச்சீக. அதுக்கு முன்னாடி நீங்க சிரிச்சு நான் பாத்ததில்ல. அதுலருந்து மடக்கியே வச்சுக்கிட்டேன்.”

அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சிரித்திருப்பேன். முதல் பிள்ளை விரலை மடக்கியபோதே நான் கவனித்தேன். திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். கண்டும் காணாமல் இருந்தேன். போகப் போக அது எனக்குப் பிடித்தும் போனது. என் ஊனத்தை இத்தனை பிள்ளைகள் அழகென்று எடுத்துக்கொண்டபோது, அது ஊனமே இல்லை என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அதை அவளிடம் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன்.

மதுரையில் என்னோடு ஒரே வாத்தியாரிடம் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். நல்ல கை. கல்யாணமாகி நான் இங்கே வந்த பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்து, பிறகு நின்றே போயிருந்தது. அவளுக்கு மேடை அமைந்தது, எனக்கு அமையவில்லை, இதுதான் காரணம். வேறு சண்டை ஒன்றும் இல்லை. ஒக்கூர் பஸ் நிறுத்தத்தில் நின்றே அவளுக்கு ஃபோன் போட்டேன். முழுவதும் கேட்டாள்.

“நம்ம வாத்தியார் விரலை மடக்கச் சொன்னார்னு ஊரு பூரா பேசிக்கிறாங்களே, அது எப்படின்னு நானும் எத்தனையோ தடவை யோசிச்சிருக்கேன். ஒனக்கு மட்டும் தனியா ஏதோ சொல்லிக்குடுத்துட்டுப் போயிட்டார்னு எனக்கு ஒரு வயித்தெரிச்சல் கூட இருந்துச்சு” என்றாள்.

“அப்படி ஒண்ணும் இல்ல.”

“சரி. நாளைக்கே அனுப்பி வை. நாள் கம்மியா இருக்கு.”

அடுத்த வாரம் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரையும் அம்மாக்களோடு வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். ஸ்கூட்டிகள் அன்றைக்குத்தான் அணைந்தன. சிங்கப்பூர்க்காரர்களுக்கு லேப்டாப்பில் சொல்லி, அந்தக் குழந்தையின் டேப்பைப் பிரிக்கச் சொன்னேன். நாலு பிள்ளைகள் அதோடு வகுப்பை நிறுத்திவிட்டார்கள். மீதி இருந்தவர்களை மடக்கிய விரலை விடச் சொல்லி, சரளி வரிசையிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். “எப்படி வைக்கணும் டீச்சர், காட்டுங்க” என்பார்கள். காட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் விரலை என் வலது கையால் பிடித்துத் தந்தியில் வைப்பேன். ஒவ்வொரு பிள்ளையாக, ஒவ்வொரு விரலாக. சாயங்காலம் முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். இந்த அலுப்பை யாரிடமும் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்பதுதான் இதில் கூடுதல் பாரம்.

ஒக்கூர்ப் பெண் ஒரு மாதமும் காலை முதல் பஸ்ஸில் மதுரை போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினாள். எனக்கு ஃபோன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. இடம் கிடைத்துவிட்டது என்று அவள் அப்பாதான் சொன்னார். “நீங்களும் சொல்லிக்குடுத்தீக, அங்குட்டு அவுகளும் சொல்லிக்குடுத்தாக” என்றார். யாரையும் விட்டுவிடக்கூடாது என்று பார்த்துப் பேசினார் பாவம்.

கல்லூரி திறக்க நாலு நாள் இருக்கும்போது ஒரு காலையில் அவளே வந்தாள். தட்டில் பழமும் பூவும் வைத்துக் கொடுத்து விழுந்து கும்பிட்டாள். எனக்கு எதிரே, எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். ஏதாவது வாசி என்றேன். பெட்டியைத் திறந்து சுருதி சேர்த்தாள். அதே வர்ணத்தை எடுத்தாள்.

முதல் காலம் நன்றாக இருந்தது. இரண்டாம் காலமும் குறை இல்லை. மூன்றாம் காலத்தில் பாதியில் தடுக்கி நின்றாள். அப்போதுதான் கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.

ஒரு மாதம் அத்தனையும் வீணாகப் போய்விட்டதா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படியென்றால் இடம் எப்படிக் கொடுத்திருப்பார்கள்?

“மதுரையில இப்படியா வாசிச்சே?”

“இல்ல டீச்சர்.”

“பரீட்சையில?”

“இல்ல.”

“பின்ன இங்க எதுக்கு மடக்குறே?”

அவள் வில்லைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “உங்க முன்னாடி உக்காந்து வெரல நீட்டி வாசிக்க என்னமோ மாதிரி இருக்கு டீச்சர். இங்க வந்தாத் தன்னால மடங்கிருது. அப்பிடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. வந்தது நல்லதுதான். கோபம் வரவில்லை என்றால் அவள் முன்னால் அழுதிருப்பேன். “நீட்டுடி. நீட்டி வாசி” என்று அதட்டினேன். பழக்க தோஷத்தில் நானும் வயலினை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டேன். பதினோரு வருடமும் அவளோடு கூடவே வாசித்துத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் விரலை விட்டாள். திரும்பவும் முதலிலிருந்து எடுத்தோம். இரண்டு காலமும் சேர்ந்தே போனோம். மூன்றாம் காலத்தில் அந்த இடம் வந்ததும் என் வில் தானாகத் தூக்கிக்கொண்டது, நான் விழுங்கினேன். அவள் விழுங்கவில்லை. அந்த இரண்டு ஸ்வரங்களும் அவள் தந்தியில் மட்டும் தனியாகக் கேட்டன. இருபத்திரண்டு வருடத்தில் என் வீட்டுக்குள் யாரும் அவற்றை வாசித்ததில்லை.